இறக்கம்

மாதகல் பஸ்ஸை எனக்கு இன்னும்
நிறுத்தத் தெரியாது.
"கொஞ்சம் நிறுத்துங்கண்ணா" என்று வாய் திறப்பதற்குள்
சண்டிலிப்பாய் போய்விடும்.
முதல் தடவை மானிப்பாயிலிருந்து திரும்பி நடந்தேன்,
ஃபைலை வெயிலுக்குத் தலையில் பிடித்துக்கொண்டு.
கண்டக்டர் கேட்டான்: "அக்கா இந்தியாவோ?"

பிரதேச செயலகத்து மேசையில்
என் அப்பா இரண்டு பேராகக் கிடக்கிறார்.
எண்பத்திரண்டாம் ஆண்டு வாக்காளர் இடாப்பில்
இராசநாயகம்.
மண்டபம் முகாம் பதிவில், என் பிறப்புச் சான்றிதழில்
ராஜநாயகம்.
"ரெண்டும் ஒராள்தான் எண்டதுக்கு
என்ன அத்தாட்சி பிள்ளை?"
கேட்டவர் கெட்டவரில்லை.
முதல் நாள் தன் போத்தல் தண்ணீரைத் தந்தவர்.
பெயர்ப்பலகையில் திரு. இ. தயாநிதிராசா.

மண்டபத்தில் எழுதியது ராமநாதபுரத்துக் கை.
வரிசையில் நின்ற அப்பாவின் வேட்டி
இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததாம்.
அன்றைக்கு எழுத்துத் திருத்தும் ஆளாக அவர் இல்லை.

அங்கே மாதத்துக்கு ஒரு செக்கிங்.
பெயர் கூப்பிட்டால் ஆள் நிற்க வேண்டும்.
நான் பிறந்த மூன்றாம் நாள்
அம்மா என்னைத் தூக்கிக் காட்டினாளாம்.
இங்கே யாரும் கூப்பிடுவதில்லை.
ஆனாலும் முதலாம் தேதி விடிந்தால்
கால் தானாக வாசலுக்குப் போகிறது.

"எந்த வழியால வந்தனீங்கள்?"
படிவத்தில் விமானம், கப்பல், இரண்டே கட்டம்.
நாங்கள் வந்தது யமஹா பூட்டிய பிளாஸ்டிக் வள்ளம்.
கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டான்.
மகன் என் தலைமேல் இருந்தான்.
கட்டத்துக்கு வெளியே சின்னதாய் 'கடல்' என்று எழுதினேன்.
அவர் வெள்ளை மை பூசி ஊதினார்.
"வழக்கு வரும் பிள்ளை."

அந்த மை காயும்வரை யோசித்தேன்.
இலங்கைக்கு ஓர் இ இருக்கிறது.
இந்தியாவுக்கும் இருக்கிறது.
இந்த ஐயாவின் பெயருக்கு முன்னாலும்
புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறது.

"சத்தியக்கடதாசி கொண்டு வாங்கோ.
அப்பாவைத் தெரிஞ்ச ஆள் ஒண்டு
கையெழுத்து வைக்கோணும்."
தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், பாரிஸில்.
பதினோரு வருடமாய் விசா இல்லை.
கையெழுத்து வைத்தால்
விலாசம் எழுத வேண்டி வருமே என்று
போனை வைத்துவிட்டார்.

இன்று ஆறாவது தடவை.
மடியில் மகன், அவன் மடியில் ஃபைல்.
எனக்கு இன்னும் 'ஆமா' வருகிறது,
அவனுக்கு எப்போதோ 'ஓம்' ஆகிவிட்டது.
வாசிகசாலை தாண்டியதும்
என்னைக் கேளாமலே கத்துகிறான்,
முதல் எழுத்தை நன்றாக இழுத்து:
"இ...றக்கம்!"

பஸ் நிற்கிறது.
கொஞ்சம் தள்ளித்தான்.