பார்த்துக் கொடுங்க

ஈஜிபுராவில் மின்விசிறி நின்றுபோன மே மாதம்.
ஏணி இல்லை, என் நாற்காலியில் ஏறி நின்று
கண்டென்சரை மாற்றினார் சம்பங்கி.
"எவ்வளவுங்க?"
"பார்த்துக் கொடுங்க மேடம்."

இந்த நகரத்தில் இதைவிடக் கூர்மையான வாக்கியத்தை
நான் கேட்டதில்லை.
ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் முப்பது கேட்டால்
சண்டை போடலாம்.
இங்கே யாரோடு போடுவது?
பர்ஸைத் திறந்தபடி நிற்கிறேன்.
என் மனசுக்கு நானே அளவெடுக்க வேண்டும்,
அதுவும் இன்னொருவர் கண்முன்னால்.

முந்நூறு கொடுத்தேன்.
எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார்.
அன்று முழுக்க
அந்த முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விசிறியின் கீழே உட்கார்ந்துதான்
மூன்று வருடம் செய்த விளையாட்டை வெளியிட்டோம்,
நானும் ஜெசிந்தாவும்.
பெயர் ஆறாயிரம் லிட்டர்.
ஒரு தண்ணீர் லாரி, நாற்பது கேட், தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை.
யார் வீட்டில் முதலில் நிறுத்துவது,
அது மட்டும்தான் உங்கள் கையில்.
ஜெயிக்க முடியாது.
இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்
தண்ணீரும், விளையாட்டும்.

அதில் சொட்டுவது எங்கள் குளியலறைக் குழாய்.
சரிசெய்ய ஆள் அனுப்புகிறேன் என்ற வீட்டுக்காரரிடம்
ஆறு மாதம் பொய் சொன்னோம்.
நாய்களும் ஓய்ந்த மூன்று மணிக்கு
மைக்கோடு வருவார் முபாரக்.

விலைக் கட்டம் வந்தது.
ஜெசிந்தா நானூறு என்றாள். நான் தொண்ணூற்றொன்பது.
ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு அவமானமாக இருந்தது.
கடைசியில் கட்டத்தை வெறுமையாக விட்டு
மேலே எழுதினோம்:
"விரும்பியதைக் கொடுங்கள். பூஜ்யமும் ஒரு தொகைதான்."
நண்பர்கள் பெருந்தன்மை என்றார்கள்.
கோழைத்தனம். கொஞ்சம் களைப்பும்.

முதல் இரவு
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பதினொன்று. பூஜ்யம்.
நூற்றியொன்று, மொய் எழுதிப் பழகிய கை.
இரண்டாயிரம், ஜெசிந்தாவின் அண்ணன், கணக்கில் சேராது.
பூஜ்யம்.
முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.

அதை ரொம்ப நேரம் பார்த்தோம்.
யோசித்துத் தேர்ந்தெடுக்கிற எண் இல்லை அது.
யாரோ பாத்திரத்தின் அடியை
வழித்துப் போட்டிருக்கிறார்கள்.

பூஜ்யங்களில் ஒன்று ஒன்பது தடவை விளையாடியிருந்தது.
ஒன்பதாவது தடவை
இருபத்தாறாம் கேட்டில், பூட்டிய வீட்டின் முன்,
லாரியை நிறுத்திவிட்டு
நாற்பது நிமிடம் சும்மா இருந்திருக்கிறது.
அங்கே ஒன்றுமில்லை, படியோரம் ஒரு நீல பிளாஸ்டிக் குடம் தவிர.
அதை வரைய ஜெசிந்தாவுக்கு எட்டு நாள் ஆனது.
ஒருத்தரும் நின்று பார்க்கமாட்டார்கள் என்று
சொன்னவள் நான்.

அந்த நாற்பது நிமிடத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?
வாடகை பதினாறாயிரம்,
அதில் பார்த்துக் கொடுக்க எதுவுமில்லை.
ஆகஸ்டில் ஜெசிந்தா கம்பெனியில் சேர்ந்தாள்.
ஏதோ சீட்டாட்டச் செயலிக்கு
மினுமினுக்கும் தங்கக் காசு வரைகிறாள்.
நல்ல சம்பளம். சனிக்கிழமைகளில் வருகிறாள்.

வாங்கியவர் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
கொடுத்தவர் முப்பத்தொன்று.
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
வந்தது, ஆனால் பூஜ்யங்கள் மேல் இல்லை.
நூறு ரூபாய் போட்டு
"முயற்சிக்கு வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தவர் மேல்.

நேற்று பேக்கரி வாசலில் சம்பங்கி,
கையில் பாதி பஃப்ஸ்.
"ஃபேன் சுத்துதா?"
"சுத்துது. ஒரு டிக் டிக் சத்தம் மட்டும்."
"அதுக்குக் காசு வாங்கலையே" என்று சிரித்தார்.
அன்றைக்கு முந்நூறு குறைவா என்று கேட்க வாயெடுத்தேன்.
வாயில் டீயை ஊற்றிக்கொண்டேன்.

அந்த டிக் டிக்கை
அடுத்த விளையாட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறார் முபாரக்.
குழாய்க்கே அவருக்கு நாங்கள் இன்னும் எதுவும் தரவில்லை.
எவ்வளவு என்று கேட்டால்
அவரும் அதையேதான் சொல்கிறார்.