உப்பிட்டவர்

காந்தி நகரில் அந்த வீடு இப்போது பல் ஆஸ்பத்திரி.
வாசல் சிமெண்டில் பதித்த பதினொரு இரும்புக் குழாய்கள்
அறுபட்டு, கணுக்கால் உயரத்தில் நிற்கின்றன.
வருகிறவர்கள் அதில் இடித்துக்கொண்டுதான்
பல்வலியைச் சொல்லப் போகிறார்கள்.

குழாய்களில் கொடி பறந்த காலத்தில்
அது இந்துமாக்கடல் உப்பு மன்றம்.
பதினொரு நாடுகள், ஒரு செயலகம், ஒரு முத்திரை,
பின்கட்டில் ஒரு கேண்டீன்.
கேண்டீன் என் கட்சிக்காரர் குணபூஷணியுடையது.

நாடுகளின் பெயர் அவர் நாக்கில் நிற்காது.
ஒன்பது நோட்டுகளிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்:
பச்சைக்கொடி, டீ 4, சர்க்கரை வேண்டாம்.
நட்சத்திரம், சாப்பாடு 2, தயிர் இல்லாமல்.
பறவைக்கொடி, வெந்நீர். அதற்குக் காசில்லை.
மூன்று வருடம் ஏழு மாதம்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.

ஒரு மார்ச் மாதம் மன்றம் கலைக்கப்பட்டது
என்கிறது தீர்மானம்.
"கரைஞ்சிடுச்சு" என்கிறார் குணபூஷணி.

பதினொரு நோட்டீஸ் அனுப்பினேன். நான்கு பதில்.
வெவ்வேறு தாள், வெவ்வேறு சின்னம், ஒரே வாக்கியம்:
மன்றம் தனி ஆள், கடன் அதனுடையது,
நாங்கள் உறுப்பினர்கள் மட்டுமே.

தம்புச் செட்டித் தெருவில் மின்சாரம் போன மத்தியானம்
அந்த வாக்கியத்தால் விசிறிக்கொண்டிருந்தேன்.
உறுப்பினர்.
சாப்பிட்டது உடம்பாம்.
கையும் வாயும் வெறும் உறுப்பாம்,
அவற்றுக்கு ஒன்றும் தெரியாதாம்.

சட்டம் அவர்கள் பக்கம் பாதி சாய்ந்துதான் இருக்கிறது.
அதை அவரிடம் மறைக்கவில்லை.
சேர்ந்திருந்த குற்றத்துக்காக மட்டும்
ஒரு நாட்டைப் பிடிக்க முடியாது, என்றேன்.
பிடிக்க வேண்டுமென்றால்
அவர்கள் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும்,
அல்லது நீங்கள் அவர்களை நம்பும்படி
அவர்கள் நடந்திருக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே கைப்பையைத் துழாவினார்.
"கொடியைப் பாத்துத்தாம்மா கடன் குடுத்தேன்.
காலைல அதுங்களை ஏத்துறப்போ எழுந்து நிப்பாங்க.
ஒத்தை ஆளுன்னா
ஒரு வாரத்துக்கு மேல குடுப்பேனா?"

பிறகு எடுத்தார் வடை மடித்த ஒரு தாளை.
செயலகம் குப்பையில் போடும் தாளில்தான்
அவர் வடை மடித்துக் கொடுப்பது.
எண்ணெய் ஊறி இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தது.
கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு.
ஏழாவது வரி: சிற்றுண்டி நிலுவை.
அதன்மேல் ஒரு கோடு.
ஓரத்தில், நீக்கக் கைதூக்கியவர்கள் ஆறு.

ஆக, தெரிந்திருக்கிறது.
கை தனியாகவே தூக்கியிருக்கிறது.

உயர் நீதிமன்றப் பதிவகம் மனுவைத் திருப்பி அனுப்பியது.
சிவப்பு மையில் கேள்வி:
"முதல் எதிர்மனுதாரர் தற்போது இல்லை எனில்
சட்டப்பூர்வ வாரிசுகளைச் சேர்க்கவும்."
யாரோ ஒரு குமாஸ்தா,
மதியம் தூக்கக் கலக்கத்தில்,
பழகிப்போன வரியை எழுதியிருப்பார்.
அதை நான்கு முறை படித்தேன்.
பிறகு பதினொரு பெயர்களையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யச் சொன்னேன்.

முதல் வரைவில் அவர் சொன்ன பழமொழி ஒன்று இருந்தது,
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று.
அது சட்டக் காரணம் ஆகாது. அடித்துவிட்டேன்.
அடித்த பிறகுதான்
எண்ணெய்த் தாளில் இருந்த கோடு நினைவுக்கு வந்தது.

எண் கிடைக்குமா, தெரியாது.
கிடைத்தாலும் தூதரக விலக்கு என்றொரு சுவர்,
அதற்குப் பின்னால் இன்னொரு சுவர்.
குணபூஷணி பிளாஸ்கைத் திறந்து ஊற்றினார்,
பத்தாவது நோட்டை விரித்தார்,
என் கண் முன்னாலேயே எழுதினார்:

வக்கீல். கொடி இல்லை. டீ 1.