இருபத்தைந்தாவது

காலையில் பதினோரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு
ஆம்னியின் பின்சீட்டை மடக்கினேன்.
ஒரு வாட்டர் பாட்டில், பாதி கடித்த பிஸ்கட்,
யாருடையதோ இடது கால் சாக்ஸ்.
அதையெல்லாம் ஒதுக்கிய இடத்தில்தான்
ஞானதீபம் டீச்சர் வீட்டுத் துப்பாக்கியைப்
படுக்க வைக்கணும்.

வேதமுத்து அண்ணாச்சி போய் இரண்டு மாதம்.
லைசென்ஸ் அவர் பேரில்.
ஜங்ஷன் ஆயுதக் கடையில் ஒப்படைக்க
களக்காடு ஸ்டேஷனில் எழுதி வாங்கியாச்சு.
ஏத்தன் வாழைக்கு இனி
பன்றிதான் காவல்.

டீச்சர் துப்பாக்கியை முறித்துப் பிடித்தார்,
இரட்டைக் குழலிலும் வெளிச்சம் வருதா என்று பார்த்தார்.
"நீரும் பாரும்" என்றார்.
பார்த்தேன்.
வட்டமாய் இரண்டு வானம்,
ஒன்றின் ஓரத்தில் தென்னோலை நுனி.

கழற்றிய துண்டுகள் கித்தான் பைக்குள்,
பை ஜிப்புக்குப் பூட்டு,
பூட்டிலிருந்து சங்கிலி சீட்டுக் காலுக்கு,
சாவி டீச்சர் பர்ஸில்.
தோட்டாக்கள் மட்டும் தனியாக
முன்சீட்டில், டீச்சர் மடியில்,
முறுக்கு டப்பாவில். இருபத்தைந்து.
இரண்டு தரம் எண்ணினார்.
"நாயை ஒரு வண்டியில ஏத்து,
அதுக்க பல்லை வேற வண்டியில ஏத்து"
என்பாராம் அண்ணாச்சி.
எங்களுக்கு இருந்தது ஒரே வண்டி.

பத்மநேரி வேகத்தடையில்
முட்டை ஏற்றியவன் மாதிரி இறங்கினேன்.

சேரன்மகாதேவி பக்கம் மறித்தார்கள்.
"பையில என்னம்மா?"
"துப்பாக்கி."
"என்னது?"
"துப்பாக்கி" என்றார், வருகைப் பதிவு எடுக்கிற குரலில்.
காகிதங்களை வாசித்த போலீஸ்காரர்
டப்பாவைத் திறக்கச் சொல்லி
சுண்டலில் தேங்காய் தேடுகிறவர் போல
விரலால் துழாவினார்.
"சரி, பாத்துப் போங்க."

கடைக் கணக்கர் கண்ணாடி மேஜையில்
ஐந்தைந்தாய் அடுக்கினார்.
ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து,
நான்கு.
முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எடுத்தவர்
குனிந்து, அவரே ஒருதரம் எண்ணினார்.
பேரேட்டில் இருபத்து நான்கு ஏறியது.
வண்டிக்கு வந்து செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.
சீட்டுக்கடியில் மண், மிட்டாய்த் தாள், கூந்தல் கிளிப்.
மேலச்செவல் தாண்டினபிறகு சொன்னார்:
"வீட்டுலயே தப்பா எண்ணியிருப்பேன்."
அதைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

சாயங்காலம் நாலு பத்து.
வண்டி நிறையப் பிள்ளைகள்.
பின்னால் டக், டக், டக்.
கண்ணாடியில் பார்த்தேன்.
யுகேஜி தஸ்னீம்,
கையில் சிவப்பாய் ஒன்று.
அதன் பித்தளை அடியை
ஜன்னல் கம்பியில் தட்டித் தட்டி
ஏதோ பாட்டுக்குத் தாளம்.

பச்சையாற்றுப் பாலத்திலேயே நிறுத்திவிட்டேன்.
பின்னால் லாரிக்காரன் ஏசுகிறான்.

"மாமா, இது டார்ச் பேட்டரியா?"
"லிப்ஸ்டிக்ல!" என்றான் பக்கத்துப் பையன்.
"தட்டாத பாப்பா. மாமாட்ட கொடு."
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"எனக்கு என்ன தருவீங்க?"
சட்டைப் பையைத் தடவினேன்.
சிவப்பு மூடிப் பேனா ஒன்று இருந்தது.
யோசித்தாள்.
மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.
எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கினாள்.
அப்புறம்தான் கொடுத்தாள்.

பேனா இருந்த பையில் அதைப் போட்டுக்கொண்டு
பதினோரு வாசல்களில் ஹாரன் அடித்தேன்.
தஸ்னீமின் உம்மா
"என்ன அண்ணே, இப்படி வேர்க்கு?" என்றாள்.
வெயில் என்றேன்.
மேற்கே மலைக்குப் பின்னால் போயிருந்தது வெயில்.

டீச்சரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் போனேன்.
ஏட்டு அதை மேஜையில் நிறுத்தி வைத்தார்.
உருண்டது. பிடித்தார்.
மறுபடி நிறுத்தினார்.

"எங்க கெடந்து?"
"சீட்டுக்கடியில."
"யாரு எடுத்தா?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அவர் வகுப்பில் நான் உட்கார்ந்ததே இல்லை,
ஆனாலும் எழுந்து நின்றேன்.

ஏட்டு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.
"நடந்தத எழுதி கையெழுத்துப் போடும்.
பேனா இருக்கா?"