இருபத்தைந்து நாள் கீரை

இந்த ஊரில் பருவமே கிடையாது என்பார்கள்
பதினேழாம் மாடியில்
குளிர்சாதனத்தைக் கேட்டுச் சட்டை போடுகிறவர்கள்.
லிம் சூ காங்குக்கு வந்து
ஒரே ஒரு பாத்தி சாய் சிம் போட்டுப் பார்க்கட்டும்.

டிசம்பர் மழை
வலைக்கூரை மேல் குடியேறிவிடும்.
வடிகாலில் இடுப்பளவு நின்று
அடைத்த இலைகளை வாரி எறிவான் குணாளன்.
நான் கணக்கு நோட்டைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு
மூடிமேல் ஏறி உட்காருவேன்.
கங்கோங்கைத் தவிர எல்லாமே அழுகும்.
அது மட்டும்
ஆற்றுக்குக் குளிக்கப் போன பிள்ளை மாதிரி
வரமாட்டேன் என்று நிற்கும்.

மழை விட்ட மறுவாரமே திருமதி குவெக் அழைப்பார்:
புத்தாண்டு விருந்துக்கு அறுபது கிலோ,
பூ மொட்டோடு வேண்டும், மலரக் கூடாது.
இளசுக்கும் முற்றலுக்கும் நடுவே
சாய் சிம்முக்கு ஒரே ஒரு விடியல்தான்.
அன்று பார்த்து
லாரி கிளம்பாது.

இங்கே விஷம் தெளிப்பதில்லை என்பது
வாடிக்கையாளருக்குத் தெரிவதற்கு முன்பே
வண்டுக்குத் தெரிந்திருந்தது.
வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு, மஞ்சள் ஒட்டட்டை,
அப்புறம் மகள் துளசிமணி.
இரவில் டார்ச்சும் வாளியுமாகப் போவாள்,
நத்தைக்கு ஐந்து காசு.
ஒரு வாரத்தில் பதினோரு வெள்ளி சம்பாதித்தாள்.
சில நத்தைகள் இரண்டு முறை எண்ணப்பட்டன
என்று எனக்குச் சந்தேகம்.
நோட்டில் "பூச்சி மேலாண்மை" என்று எழுதிக்கொண்டேன்.

ஜூனில்
விடிவதற்குச் சற்று முன்
சுமத்ராவிலிருந்து காற்று வரும்,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவது போல.
பயற்றங்கொடிப் பந்தல் மூன்று முறை சாய்ந்தது.
நான்காம் முறை கட்டும்போது குணாளன் பேசவில்லை.
நானும்.
கயிறு மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் சுடுதளம்.
முன்பெல்லாம் பீரங்கி வெடித்தால்
கோழிகள்தான் திடுக்கிடும்.
இந்த வருடம் இனியன் தேசிய சேவையில்.
எந்த முகாம், எந்தப் பயிற்சி, சொல்லமாட்டான்.
ஒவ்வொரு அதிர்வுக்கும்
வெண்டைப் பூ லேசாக ஆடுகிறது,
நான் வெட்டுவதை நிறுத்தி
காய் எண்ணுவது போல் நிற்கிறேன்.

செப்டம்பரில் வானம் சாம்பல் பூசிக்கொண்டது.
"இந்தக் கீரையில் புகை ஒட்டியிருக்குமா?"
சந்தையில் ஒரு அம்மாள் முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டார்.
இருக்கும் அம்மா.
உங்கள் மேலும் என் மேலும் இருப்பது போல.
கழுவினால் கீரையில் போய்விடும்.
அவர் சிரித்தாரா என்பது
கவசத்துக்குத்தான் தெரியும்.
இரண்டு கட்டு வாங்கிப் போனார்.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது.
குத்தகை இன்னும் மூன்று ஆண்டு,
நீட்டிப்பு இல்லை.
தாள் நல்ல வெள்ளை, மடிப்பு நேராக.
குணாளன் படித்துவிட்டு
எருக்குழியைக் கிளறப் போனான்.
ஆவி எழுந்து அவன் கண்ணாடியை மூடியது,
துடைக்காமலே கிளறினான்.

இரவில் நோட்டை விரித்தேன்.
தண்டுக்கீரைக்கு இருபத்தைந்து நாள்.
மூன்று ஆண்டுக்கு நாற்பத்து மூன்று அறுவடை.
மழைக்கு ஆறு கழித்தேன்,
புகைக்கு மூன்று,
சலிப்புக்கு ஒன்று.
முப்பத்து மூன்று.
மகள் எட்டிப் பார்த்து
"இது நிறையவா, கொஞ்சமாம்மா?" என்றாள்.
கூட்டல் சரியா பார் என்று நோட்டை நீட்டினேன்.

அதிகாலை நாலு மணிக்கு
தோஃபு ஆலைச் சக்கையோடு வேன் வந்தது.
அடுத்த வியாழனும் வரவா என்று கேட்டார் ஓட்டுநர்.
வாங்க,
இரண்டு பீப்பாய் கூடவே கொண்டுவாங்க என்றான் குணாளன்.

முப்பத்து மூன்றில் ஒன்று
இன்று காலை முடிந்தது.
பதினெட்டுக் கிலோ.
அதில் மூன்று கிலோ ஓட்டை.
ஓட்டை விழுந்தது எங்களுக்கு.
வெங்காயம் நறுக்கியாயிற்று.