நிலக்கரி அறையில் நான்கு டன்

நான்கு டன் நீர்.
மின்கட்டண உறையின் முதுகில்
கட்டைப் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினான் லுபோர்.
மாடியில் வைத்தால்
நாமும் திருக்கையும் சேர்ந்து
கீழ்வீட்டு ஷிம்கோவாவின் சாப்பாட்டு மேசையில் இறங்குவோம் என்றான்.
நாம் என்றான்.
விவாகரத்தாகி மூன்று வருடம்.
நான் திருத்தவில்லை, பென்சிலைத்தான் வாங்கி வைத்தேன்.

ஆகவே நிலவறை.
ஒஸ்த்ராவாவில் பழைய வீடென்றால்
அடியில் ஒரு நிலக்கரி அறை இருக்கும்.
கரி போய் முப்பது வருடம்.
மூன்று ஞாயிறு தேய்த்தேன்,
நான்காம் ஞாயிறு சுண்ணாம்பு அடித்தேன்.
அதன்பிறகும் தும்மினால் கைக்குட்டை கறுத்தது.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
போயும் போயும் திருக்கையா, த்ராஹோமீரா,
என்று பணிமனையில் கேட்டார்கள்.
தண்டவாளம் இல்லாமல் திரும்புகிற எதையாவது
பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது.
அதைச் சொல்லவில்லை.
அழகாக இருக்கும் என்றேன்.

நீளம் மூன்று மீட்டர், சரி.
அகலத்துக்குத்தான் சண்டை.
தட்டாக வளர்கிற உயிர், திரும்ப இடம் வேண்டாமா,
உயரம் எதற்கு, அது என்ன ஒட்டகச்சிவிங்கியா?
லுபோர் முகமூடியை இறக்கிக்கொண்டு
சட்டகத்தைப் பற்றவைத்தான்.
சண்டையில் அவன் எப்போதும் செய்வதுதான்.
ஆனால் அகலத்தைக் கூட்டியிருந்தான்.

கூரான கல் ஒன்றுகூடக் கூடாது.
மாவுபோல் சலித்த மணல், இரண்டு விரற்கடை.
வெப்பமூட்டியை வடிகட்டிப் பெட்டிக்குள் ஒளித்தோம்:
சூட்டின்மேல் படுத்து
வயிறு வெந்தாலும் விலகத் தெரியாதாம் திருக்கைக்கு.
இதைப் படித்துச் சொன்னபோது
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு ஏழு வாரம் ஒன்றுமே இல்லை.
வெளிச்சம் போட்ட வெறும் நீர்.
இல்லாத மீன்களின் பெயரில்
தினமும் சில துளி அம்மோனியா விட்டேன்.
கண்ணுக்குத் தெரியாதவை தின்று பெருக வேண்டும்,
நீர் பழுக்க வேண்டும்.
வியாழக்கிழமைதோறும் லுபோர் வந்து
சோதனைக் குழாயை விளக்கில் தூக்கிப் பார்ப்பான்.
பச்சை என்றால் நஞ்சு.
மஞ்சள் என்றால் வரலாம்.
என் தொழிலுக்கு நேர் எதிர்.
ஆறு வியாழன் பச்சை.

முதலில் எட்டு வெள்ளிக்காசு மீன்கள்,
யாரோ சில்லறையை வீசியதுபோல் மேல்நீரில்.
கடைக்காரர் ஓர் உறிஞ்சும் கெளுத்தியையும் தரப் பார்த்தார்:
தொட்டியைத் துடைத்து வைக்கும், அம்மா, பெரிய உதவி.
இரவில் அது திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு
தோலை உறிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.
உதவி செய்கிறவர்களைப் பற்றியும் தெரியும்.
வேண்டாம் என்றேன்.

ஓலொமௌட்ஸிலிருந்து வந்தாள் அவள்,
ரொட்டித்தட்டு அகலம்,
கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள்.
இந்த அறைக்கென்றே செய்த கறுப்பு.
மணலை ஒருமுறை உதறினாள்;
பிறகு இரண்டு கண்கள் மட்டும்.

எட்டு நாள் தின்னவில்லை.
இறால், மீன்துண்டு, எல்லாம் அப்படியே.
ஒன்பதாம் நாள் இரவுப் பணி முடிந்து வந்தால்
நிலவறைப் படியில் லுபோர்,
முழங்கால்வரை சேறு,
தயிர் டப்பாவில் மண்புழுக்கள்.
வியாழன்கூட இல்லை அன்று.

ஒன்றை விட்டோம்.
எழுந்து வந்து அதன்மேல் கவிழ்ந்தாள்,
விரிப்பு ஒன்று தானாக விரித்துக்கொள்வதுபோல்.
கண் மேலே, வாய் கீழே:
தான் தின்பதைத் தானே பார்த்ததில்லை அவள்.
தட்டின் விளிம்பு மட்டும் மெல்ல அசைந்தது.
தின்கிறாள், என்றான் லுபோர்,
ஷிம்கோவா விழித்துக்கொள்ளும் அளவுக்கு.

ஏப்ரலில் மணலைக் கிளறுகையில்
என் விரல் நீளத்தில் ஒரு முள்,
இருபுறமும் ரம்பப்பல்.
நோயோ என்று பதறி வாலைப் பார்த்தேன்.
முள் இருந்தது அங்கே, புதிது.
பழையது உதிரும் முன்பே
அடியில் வளர்ந்திருக்கிறது.
பயணச்சீட்டுத் துளைக்கும் பழைய இடுக்கி கிடக்கும்
மேசை அறையில் அதைப் போட்டுவைத்தேன்.

இனி வாரம் தவறாமல் பார்க்கத் தேவையில்லை,
நீர் எப்போதோ பழுத்துவிட்டது,
என்றான் லுபோர், கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி.
நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியின் அந்தக் கோடியில் பாசி இருக்கிறது, என்றேன்,
உனக்குத்தான் கை எட்டும்.
மணலில் விரலை இழுத்துக்கொண்டே போ,
தூக்கி வைக்காதே.
எங்கே புதைந்திருக்கிறாள் என்று
நமக்குத் தெரியாது.