காந்தான்

பசார் சந்தில் ஓர் ஆள்
நான்கு வெள்ளிக்குக் கொடுத்தார்:
முழங்கை நீளத் தண்டு,
அடியில் சேறு பூசிய ஒரு முடிச்சு.
"வை, வரும்" என்றார்.
அவ்வளவுதான் செய்முறை.

ஆயர் ஈத்தாம், கீழ்வீடு.
சமையலறைச் சன்னலுக்குப் பின்னே
லோங்கானுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு பாய் அகலம் மண்.
என்னுடையதல்ல, மாநகராட்சியுடையது.
பத்து மணிக்கு மேல் அங்கே வெயில் எட்டாது.
ஐந்தாம் மாடி ஏர்கோன் நாளெல்லாம் சொட்டும்.
அந்தச் சொட்டுக்கு நேர் கீழே குழி எடுத்தேன்.

முதல் ஆண்டு முழுக்க இலைதான்.
என் உயரம், பிறகு சன்னல் உயரம்,
பிறகு மேல்வீட்டுத் துணிக்கம்பி.
துணியில் உரசுகிறது என்றார் கக் ரொஹாயு.
வெட்டிக் கொடுத்தேன்.
அடுத்த மாதம் மறுபடி உரசியது.
பிறகு அவரே கம்பியை நகர்த்திக் கட்டிக்கொண்டார்.

பூ எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.
பதினாலு மாதம்
அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது காலடியில் வந்தது.
இலையே இல்லாத தனிக்குச்சி,
மண்ணைக் கீறிக்கொண்டு,
நுனியில் இளஞ்சிவப்பாய் ஒரு வேல்.
கந்தன் பூ என்றாள் எதிர்வீட்டுச் சிறுமி,
மலாய்ப் பெயரைப் பாதிக் காதில் வாங்கி.
நான் திருத்தவில்லை.

பாயான் லெப்பாசில் என் வேலைக்கு
மண் ஆகாது.
காற்றையே சலித்து அனுப்பும் அறை,
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
ஒருநாள் வாசலில் தவமலர், எங்கள் லைன் லீடர்,
என் கட்டைவிரலை விளக்கடியில் திருப்பினாள்.
"என்னடி இது, நகத்தில்?"
"இஞ்சி மாதிரி ஒன்று. பிரித்து நட்டேன்."
திரும்பிப் போய்த் தேய்த்து வந்தேன்.
பன்னிரண்டு மணி நேரமும்
கையுறைக்குள் அந்த வாசனை
என்னோடு சேர்ந்து வேலை பார்த்தது.
மறுவாரம் அவளே கேட்டாள்,
எனக்கொரு துண்டு வருமா என்று.

மொட்டைத்தான் கேட்கிறார்கள். விரிந்தால் விலையில்லை.
லக்சா கடை சியூ பெங்
மொட்டு ஒன்றுக்கு ஒன்றரை வெள்ளி தருவார்,
கூடவே ஒரு பை நிறைய
கெம்போங் மீன் தலையும் முள்ளும்.
அடியில் புதைப்பேன், காய்ந்த இலையால் மூடுவேன்,
பூனை தோண்டும், திட்டுவேன்,
மறுபடி மூடி மேலே செங்கல் வைப்பேன்.
அவர் சட்டியில் வெந்த மீன்
என் மண்ணில் ஊறி
அவர் சட்டிக்கே பூவாகப் போயிற்று.
யார் யாருக்குக் கடன் என்று
நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை.

போன ஜூலையில், நான் தூங்கிய பகலில்,
புல்வெட்டும் இயந்திரம் வந்து போனது.
எழுந்தபோது அடுப்படியில் வெளிச்சம்.
அத்தனை வெளிச்சம் அங்கே வந்ததே இல்லை.
அப்படித்தான் தெரிந்தது எனக்கு.
தரையோடு தரையாய்
ஈரம் கசியும் வட்டங்கள், முப்பதோ நாற்பதோ.
புளோக் முழுக்க லக்சா வாசம்.
வெட்டியவன் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தானாம்,
கண் மட்டும் வெளியேயாம்.
கக் ரொஹாயு சத்தம் போட்டுப் பார்த்தாராம்,
இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

பத்தொன்பதாம் நாள்
சுருட்டிவைத்த பச்சை முனை ஒன்று.
மறுநாள் எண்ணினேன், ஆறு.
கீழே இருந்ததை அவர்கள் தொடவே இல்லை.
நானும் ஒன்றும் செய்யவில்லை,
அழுகிய தாள்களை அள்ளிப் போட்டதைத் தவிர.
ஏர்கோன் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மாசியில் வந்த முதல் மொட்டை
சியூ பெங் மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் "நாளைக்கு" என்றேன்.
ஏன் என்று கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ.
அது விரிந்துவிட்டது.
மெழுகில் வார்த்ததுபோல் இதழ்மேல் இதழ்,
இடுக்கில் மழைநீர்,
நீரைச் சுற்றிப்போகும் எறும்புகள்.

மீன்முள் பையோடு வந்தவர் பார்த்துவிட்டு
"ஒன்றரை வெள்ளி போச்சே" என்றார்.
பையைக் கீழே வைத்தார்.
கடை திறக்கும் நேரம்.
இடுப்பில் கையூன்றி,
போகாமல் நின்றார்.