செவ்வாய், வியாழன், சனி

முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தினேன்.
மெந்தோசா என்றால் திராட்சை,
துக்குமான் என்றால் கரும்பு,
ரொசாரியோ என்றால் கோதுமை ஏற்றும் கப்பல் என்று
கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டவள்.
இப்போது ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு
ஒரே ஒரு விளைபொருளைத்தான் விசாரிக்கிறேன்:
நாற்காலி.

சாய்ந்துகொள்ளும் நாற்காலி. பக்கத்தில்
ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தரும் இயந்திரம்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.

இங்கிருந்து அது நூற்று நாற்பது கிலோமீட்டர்.
படகோனியக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.
விடியாத சாலையில் குவானாக்கோக்கள்
கழுத்தை நீட்டி நின்று
எங்களுக்கு வழிவிடலாமா என்று யோசிக்கும்.
எவரிஸ்தோ ஓட்டுவான், பேசாமல்.
போன குளிர்காலத்தில் இரண்டு முறை சாலையை மூடினார்கள்.
இரண்டாம் முறை என் கணுக்கால்கள்
ரொட்டி மாவு மாதிரி உப்பின;
விரல் வைத்த குழி அப்படியே நின்றது.
அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"ஊரை மாத்திடுவோம் நெலி."

அவனுக்கு ஆசைகள் இருந்தன.
போட்ட தொப்பி தலையிலேயே இருக்கிற ஊர்.
தக்காளிச் செடி வெளியில் நின்று காய்க்கிற ஊர்.
எனக்கும் ஒன்று இருந்தது, சொல்லவில்லை:
தெருவோரம் வாய்க்கால் ஓடும் மெந்தோசா.
பாடமாகத் தெரியும். போனதில்லை.

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
ஒரு மூலைக்கு மாவு டப்பா,
ஒன்றுக்கு ரேடியோ,
ஒன்றுக்கு எனக்கு ஆகாத உப்பு,
நாலாவதற்கு அவன் முழங்கை.

மெந்தோசா: எனக்கு முன்னால் பதினோரு பேர்.
கொர்தோபா: போனில் இசை. அப்புறமும் இசை.
ரொசாரியோவில் இரவு முறை இருந்தது;
முடியப் பன்னிரண்டாகும், பஸ் நின்றுவிடும் என்று
அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்.
துக்குமான் பையன் மட்டும்
"எங்க ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்றான்,
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறதாம்.
கரும்பு என்று சொன்னேன்.
எழுதிக்கொண்டான். இடம் இல்லை.

பரானாவில் எடுத்தவள் பெயர் யெசிகா.
காகிதம் புரட்டும் சத்தம்.
"செவ்வாய், வியாழன், சனி.
காலை ஆறு மணி.
ஜன்னல் பக்கம். ஆறு தெரியும்."

எவரிஸ்தோவின் விரல் நீலக் கோட்டைத் தேடிப் போனது.
ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் கனமீட்டர் என்று
பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த நதி.
எண் மறந்துவிட்டது.
எனக்கான அளவு மறக்காது: நாளுக்கு அரை லிட்டர்.
மாத்திரை விழுங்க, மாத்தே உறிஞ்ச,
தாகத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"இடம் எப்படிக் காலியாச்சு?"
வகுப்பறைப் பழக்கம். ஏன், எப்படி, எங்கே.
அவள் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் ஓடியது.
"இருந்தவர் வேற ஊருக்குப் போயிட்டார், சென்யோரா."

எந்த ஊர் என்று
நான் கேட்கவில்லை.

எவரிஸ்தோ கணக்கில் இறங்கிவிட்டான்:
மூன்று நாள் பயணம், நாயை ஏற்றலாம்,
அடுப்பை விற்கலாம், அங்கே எதற்கு இவ்வளவு பெரிய அடுப்பு.
"காத்தே இருக்காது பாரு" என்றான்.
மேலே கூரைத் தகடு படபடத்ததில்
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

யெசிகா இன்னும் போனை வைக்கவில்லை.
"அவரோட அலமாரியில கம்பளி ஒண்ணு கிடக்கு.
எடுத்துப் போட்டுடட்டுமா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்
இரண்டாம் மணி நேரத்தில்
எலும்புக்குள்ளிருந்து கிளம்பும் குளிர்.
எந்த ஊருக்குப் போகிறவரும்
அதை மறந்து வைத்துவிட்டுப் போக மாட்டார்.

"இருக்கட்டும்" என்றேன்.
பிறகு, எதையாவது கேட்டாக வேண்டுமே என்று,
என்ன நிறம் என்று கேட்டேன்.

எவரிஸ்தோ முழங்கையை எடுத்ததும்
வரைபடத்தின் தென்மூலை சுருண்டு
எங்கள் ஊரை மூடியது.
தூரத்தில் யெசிகா எழுந்து
பார்க்கப் போகும் செருப்புச் சத்தம்.